எதிராளி வராத தங்கம்

ஜூடோ கிளப்பில் அவளை எல்லாரும் 'லாண்டரி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஜன்னலே இல்லாத அடித்தளத்தில், ஆவியும் சோப்பு வாசமும் சூழ, இயந்திரத்துக்குள் முறுக்கிக் கிடக்கும் ஈர விரிப்புகளை இழுத்து வெளியே போடவேண்டும். இரட்டைக் கட்டில் விரிப்பு நனைந்துவிட்டால் அடம்பிடிக்கும் எருமை மாதிரி. கெஞ்சினாலும் வராது, திட்டினாலும் வராது. இரண்டு கையாலும் பற்றி, இடுப்பைக் கொடுத்து, ஒரே இழுப்பில் இழுத்தால்தான் வரும். பன்னிரண்டு வருடமாக அவள் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

கிளப்பில் முதலில் சேர்ந்தது அவளல்ல, அவள் மகள். தோழிகள் சேர்ந்தார்கள் என்று தானும் சேர்ந்த பெண், முதல் வாரத்திலேயே தொப்பென்று விழுந்து, "எனக்கு இது ஒத்துவராதும்மா" என்று ஒதுங்கிவிட்டாள். மகளுக்குத் துணையாக வந்து சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குத்தான் எழுந்து போக மனம் வரவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் சட்டைக் கழுத்தைப் பிடித்து, திரும்பி, முதுகில் ஏற்றி, பாயில் போடுகிறாள். விழுந்தவள் சிரித்துக்கொண்டே எழுகிறாள். விழுந்த பிறகு சிரிக்க முடியும் என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

பயிற்சியாளரை எல்லாரும் 'மாஸ்டர்' என்பார்கள். மாஸ்டர் என்றால் நரைத்த தலை என்று நினைக்க வேண்டாம். இருபத்தாறு வயதுப் பெண், தலைமுடியை ஒட்ட வெட்டியவள்.

"மாஸ்டர், என்னை மாதிரி ஆளுங்களைச் சேர்த்துப்பீங்களா?"

"விழத் தெரியுமாக்கா?"

"பழக்கமில்ல."

"அதைத்தான் முதல்ல கத்துத் தருவோம். நாளைக்கு வாங்க."

நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயதில் அவள் விழக் கற்றுக்கொண்டாள். பக்கவாட்டில், பின்னால், தலைக்குமேல் உருண்டு. வீட்டுக்கு வரும்போது தோளும் இடுப்பும் நீலம் பாரித்திருக்கும். அவள் கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், அதிகம் பேசாதவன். "நல்லாதான் இருக்கு. நான் ஆளுங்களை மேல ஏத்தறேன், நீ கீழ தள்ளறே" என்றதோடு முடித்துக்கொண்டான். அவள் அண்ணன்தான் விடவில்லை. பக்கத்துத் தெருவில் பெயின்ட் கடை வைத்திருந்தவர். தங்கை குடும்பத்துக்கும் சேர்த்து மானம் காப்பது தன் பொறுப்பு என்று நம்பியவர்.

"கல்யாண வயசுல பொண்ணை வச்சுக்கிட்டு நீ போய்க் கட்டிப் புரள்றியா? கடைக்கு வர்றவன்லாம் கேட்கறான்."

"என்ன கேட்கறான்?"

"உன் தங்கச்சி குஸ்தி போடறாளாமேன்னு."

"ஆமான்னு சொல்லுங்க. குஸ்தி இல்ல, ஜூடோன்னு திருத்திச் சொல்லுங்க" என்றாள்.

கிளப் நடந்தது ஒரு மரச்சாமான் கிடங்கின் மாடியில். பாய்கள் பழையவை; ஓரம் கிழிந்து, பட்டை டேப் ஒட்டி, அந்த டேப்பும் உரிந்து, கால் விரல் மாட்டிக்கொள்ளும். கிளப்பின் செயலாளர் ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். பிறகு தொப்பை வந்தது, பொறுப்பும் வந்தது, உடையைக் கழற்றி மாட்டியவர் திரும்பப் போடவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் கண்ணுக்கு லாண்டரி அக்கா ஒரு ஆட்டக்காரி அல்ல. போட்டிக்குப் போகும் பிள்ளைகள் தூக்கிப் போட்டுப் பழகுவதற்கு வாய்த்த வசதியான மூட்டை. "அக்கா, கொஞ்சம் நில்லுங்க, தம்பி ரெண்டு தடவை போட்டுப் பார்க்கட்டும்" என்பார். அவள் நிற்பாள், விழுவாள், எழுந்து மறுபடி நிற்பாள்.

நாலு வருடம் அப்படி விழுந்ததில், அடுத்தவன் எந்தக் காலை வைக்கப்போகிறான் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. பிடியோ சொல்லவே வேண்டாம். ஒருமுறை சட்டைக் கையைப் பிடித்துவிட்டால் உடும்புப் பிடிதான். பையன்கள் உதறி உதறிப் பார்த்துச் சலித்துப்போவார்கள்.

அந்த வருடம் செயலாளரே வந்து, "அக்கா, மாவட்டப் போட்டியில உங்க பேரையும் குடுத்திருக்கேன். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல பெண்கள் பிரிவு" என்றபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை போட்டி என்றால் கூட வந்து பைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலையாக இருந்தது. அன்றிலிருந்து அவள் வேறு ஆளானாள். வேலை முடிந்து எல்லாரும் பேருந்துக்கு ஓட, இவள் மாடிப்படிகளில் ஏறி ஏறி இறங்கினாள். சமையலறையில் அடுப்பைப் பார்த்துக்கொண்டே வாசல் திரையைச் சட்டைக் கையாக நினைத்து இழுத்துப் பழகி, ஒரு நாள் திரை கம்பியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

"இனி வீட்டுல எதையும் விட்டு வைக்கமாட்டா உங்கம்மா" என்றான் கணவன், மகளிடம்.

போட்டி நாள் வந்தது. உள்விளையாட்டு அரங்கில் மூன்று பாய்கள் விரித்திருந்தார்கள். எடை பார்த்தாயிற்று, உடையும் சரி. கணவனும் மகளும் படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய பிரிவில் இன்னும் ஒரே ஒருத்தியின் பெயர்தான் இருந்தது. கூப்பிட்டார்கள், அந்தப் பெண் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அப்புறம் ஒலிபெருக்கியில் இவள் பெயரைச் சொல்லி, வெற்றி என்று அறிவித்து, பரிசு மேடைக்கு வரச் சொன்னார்கள்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இடுப்புப் பட்டையின் முடிச்சைக்கூட இன்னும் யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

"என்னக்கா நிக்கிறீங்க? ஏறுங்க. தங்கம்" என்றார் செயலாளர், வாயெல்லாம் பல்லாக.

"யாரோட போட்டி போட்டேன்?"

"அவங்க வரலைன்னா அது உங்க தப்பா? சட்டப்படி தங்கம் உங்களுக்குத்தான்."

"சட்டப்படி சரிங்க. எனக்கு வேண்டாம்."

செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அவளைத் தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, விளையாடாதீங்க. எந்த கிளப்புக்குத் தங்கம் அதிகமோ அதுக்குத்தான் விளையாட்டு மன்றம் புதுப் பாய் குடுக்கும். இந்தப் பிரிவுல யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சுதான் உங்க பேரைக் குடுத்தேன். நம்ம பிள்ளைங்களுக்காகன்னு நினைச்சுக்கிட்டு ஏறிடுங்க."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வெறுமனே போய் நிற்பதற்காகத்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள். கிளப்பில் விழுவதற்கு நின்றாள். இங்கே ஏறுவதற்கு நிற்க வேண்டுமாம். மூட்டை மூட்டைதான், இடம்தான் மாறியிருக்கிறது. அழுகை வருமென்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை.

"நான் சண்டை போட வந்தேன். சண்டை குடுங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்டால் போதாது என்பதுபோல் சத்தமாக.

மேசையில் இருந்த அமைப்பாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஓபன் பிரிவு இருக்கும்மா. எந்த வயசும் வரலாம். ஆனா அதுக்கு வரணும்னா இந்தப் பிரிவுலேருந்து எழுதிக் குடுத்து விலகணும். இந்தத் தங்கம் போயிடும். அங்கே எல்லாம் சின்னப் பொண்ணுங்க, பலசாலிங்க. அடிபட்டா யார் பதில் சொல்றது? வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க, அவர் ஒப்புக்கணும்."

"விழப்போறது நான். அவர் எதுக்கு ஒப்புக்கணும்?"

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றாள். "யோசிச்சுத்தான் சொல்றீங்களாக்கா? உங்க வயசுல பாதிகூட இருக்காது அவங்களுக்கு."

"தெரியும் மாஸ்டர். மேடையில சும்மா ஏறி நின்னா, வீட்டுக்குப் போய் என் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியாது."

மாஸ்டர் அமைப்பாளரிடமிருந்து பேனாவை வாங்கி அவளிடம் நீட்டினாள்.

முதல் ஆட்டத்தில் எதிரே வந்தவள் கல்லூரி மாணவி, நெட்டை. நடுவர் தொடங்கச் சொன்ன மாத்திரத்தில் பாய்ந்து வந்து காலைத் தட்டிவிட்டாள். அக்கா பக்கவாட்டில் சாய்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு அரைப் புள்ளி. எழுந்தார்கள். மறுபடி அதே கால். இந்த முறை அந்தக் கால் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. விலகினாள். அந்தரத்தில் தடுமாறிய பெண்ணின் சட்டைக் கையை இரண்டு கையாலும் பற்றி, இடுப்பைக் கொடுத்து இழுத்தாள். பெண் குப்புற விழுந்தாள். அக்கா அவளைப் புரட்டி, குறுக்கே நெஞ்சோடு அழுத்திப் படுத்தாள். கீழே இருந்தவள் துள்ளினாள், காலை உதைத்தாள், பாலமாக வளைந்து பார்த்தாள். விடுவாளா இவள்? மல்லாக்கப் போட்டு அசையவிடாமல் பிடித்திருக்க வேண்டிய நேரம் முடிந்து மணி அடித்தபோது, பிடியை விடச் சொல்லி நடுவரே அவள் தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

படிக்கட்டு வரிசையில் அவள் கணவன் எழுந்து நின்றிருந்தான். கைதட்டத் தோன்றாமல், கையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி நின்றிருந்தான்.

இரண்டாவது ஆட்டத்தில் வந்தவள் போன வருடத்துச் சாம்பியன். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பிடித்தார்கள், சுற்றினார்கள், அடுத்து அரங்கின் கூரை விளக்குகள் அக்காவின் கண்ணுக்கு நேரே தெரிந்தன. முழுப் புள்ளி. ஆட்டம் முடிந்தது. அவள் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தாள். சாம்பியன் பயந்துபோய்க் குனிந்தாள்.

"அடி பட்டுடுச்சாக்கா?"

"இல்லம்மா. அழகாப் போட்டே."

பதக்கம் எதுவும் இல்லாமல் வீடு திரும்பினார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் மாலையே வந்துவிட்டார்.

"தானா வந்த தங்கத்தை வேண்டாம்னுட்டு, அடி வாங்கிட்டு வந்தியாமே? இதுல பெருமை வேற. விழுந்தும் மீசையில மண் ஒட்டலைங்கற கதையால்ல இருக்கு."

"எனக்கு மீசை இல்லண்ணே. முதுகெல்லாம் மண்ணு ஒட்டுச்சு. நல்லாவே ஒட்டுச்சு" என்றாள் அவள், முழங்கைக்கு மருந்து தடவிக்கொண்டே. "ஆனா அதுக்கு முன்னாடி ஒருத்தியை நான் விழவச்சேன். அதைச் சொல்ல மறந்துட்டாங்களா உங்ககிட்ட?"

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

கிளப்பில்தான் நிலைமை மோசமாக இருந்தது. ஒரே ஒரு தங்கம் குறைந்ததில் புதுப் பாய்கள் இன்னொரு கிளப்புக்குப் போய்விட்டன. செயலாளர் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தார். பையன்கள் ஜோடி சேரும்போது அவளைத் தவிர்த்தார்கள். பிள்ளைகளை விட வந்த தாய்மார்கள், அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். உரிந்த டேப்பில் ஒரு பெண்ணின் கால் விரல் மாட்டிக்கொண்டபோது, "எல்லாம் சிலபேர் வீம்பால வந்தது" என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

அந்தச் சொல் அவளைத் தைத்தது. பொய்யாக இருந்தால் தைத்திருக்காது. பாய் போனது அவளால்தான். அந்தப் பெண் விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டியதை அவளும் பார்த்தாள். ஆனாலும் அந்த மேடையில் ஏறியிருக்க வேண்டும் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஓட்டலிலிருந்து கழித்துக்கட்டிய கெட்டியான கித்தான் துணியைக் கேட்டு வாங்கி வந்தாள். கோணி தைக்கும் ஊசியால், கிழிந்த ஓரங்களையெல்லாம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை; அவளும் கூப்பிடவில்லை. கடைசி மூலையைத் தைத்து முடித்த அன்று, பயிற்சி தொடங்கும் முன்பே உடை மாற்றிக்கொண்டு பாயின் நடுவில் போய் நின்றாள்.

"எல்லாரும் எம்மேல கோபமா இருக்கீங்க. இருக்கலாம், உங்களுக்கு நஷ்டம்தான். ஆனா மன்னிப்புக் கேட்பேன்னு மட்டும் நினைக்காதீங்க. அடுத்த தடவையும் அதையேதான் செய்வேன். கோபம் இருக்கறவங்க முணுமுணுக்க வேண்டாம். பாய்க்கு வாங்க. பிடிச்சுப் பார்த்துக்கலாம்."

முதலில் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரப் பையன் வந்தான். பிடித்த வேகத்தில் அவளைத் தூக்கிப் போட்டான். எழுந்து, "அடுத்தது யாரு?" என்றாள். ஒரு பெண் வந்தாள். அவளை அக்கா போட்டாள். இன்னொருவன். இன்னொருத்தி. விரல் மாட்டிக்கொண்ட பெண்ணும் கட்டுப்போட்ட காலோடு வந்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, சிரித்தபடி போனாள். மாஸ்டர் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், எதையும் தடுக்கவில்லை. வரிசை நீண்டது. அக்காவுக்கு மூச்சு இரைத்தது, தலைமுடி கலைந்து முகத்தில் ஒட்டியது. யாரோ உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டாள்.

வரிசை ஓய்ந்தபோது செயலாளர் மட்டும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத்தான் சார் ரொம்பக் கோபம்" என்றாள்.

அவர் மேசையிலிருந்து எழுந்து உடை மாற்றும் அறைக்குப் போனார். கதவுக்குப் பின்னால் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போன வெள்ளை உடை, தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிய கறுப்புப் பட்டை. பையன்கள் சிரிக்கப் பார்த்து, அவர் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டார்கள். பாயின் விளிம்பில் நின்று, முறைப்படி அவளுக்குத் தலை வணங்கினார். அவளும் வணங்கினாள்.

"மெதுவாப் பிடிக்கணுமா சார்?"

"பிடிச்சுப் பாருங்கக்கா, தெரியும்" என்றார் அவர்.

அவள் இரண்டு எட்டு முன்னே வைத்து அவருடைய சட்டைக் கையைப் பற்றினாள்.