விறகுக்கடியில் இரண்டு பரங்கிக்காய்

இந்த மலாயாவில் காய்கறித் தோட்டம் போடுகிறவர்கள் தண்ணீர் ஊற்றுவதில்லை. பிற்பகலானால் மழை வந்துவிடும். தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவதுதான் வேலை. ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தின் பின்னால் நான் முதலில் பாத்தி கட்டியபோது, திண்டிவனத்துப் பக்கம் கட்டுவதுபோல் பள்ளமாகக் கட்டினேன். நாலே நாளில் கத்தரி நாற்று அழுகிவிட்டது. வேலிக்கு அப்பால் குடியிருந்த மலாய்க்காரி மினா சிரித்துக்கொண்டே வந்து, மண்ணை மேடாகக் குவித்துக் காட்டினாள். "பாப்பா" என்று ஏதோ சொன்னாள். குழந்தை இருக்கிறதாக்கும் என்று நான் தாலாட்டுவதுபோல் கையை ஆட்டினேன். அவள் தன் கிழட்டு அப்பாவை இழுத்துவந்து நிறுத்தினாள். மூவரும் சிரித்தோம். அப்படித்தான் நான் மலாய் கற்றேன்.

ஊரில் எங்களுக்கு நிலம் கிடையாது. பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில், அம்மா அடுத்தவர் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, களை எடுப்பாள். எங்களுடையது என்று சொல்ல வீட்டுக்குப் பின்னால் மூன்று பாத்தி. பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்ந்த அவரையை, மரக்காணத்திலிருந்து கருவாடு கொண்டுவரும் பெண்ணுக்கு மடி நிறையப் பறித்துக் கொடுப்பாள். "நமக்கு வோணாமா?" என்று கத்துவேன். "கேக்கறவங்க வாயப் பாத்துக்கினு எப்பிடிடி இல்லன்னு சொல்றது?" என்பாள்.

இல்லை என்று சொல்வது எனக்கு எளிதாகத்தான் வந்தது.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலம். அரிசி கண்ணில் படவில்லை. என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் நாலு வயது மகள் செல்வியும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தோம். கொடியில் காய்த்த இரண்டு பரங்கிக்காயைப் பறித்து, யார் கண்ணிலும் படாமல் விறகுக்கடியில் வைத்திருந்தேன்.

ஒரு காலை மினா வேலியருகே வந்து நின்றாள். "லாபு அடா?" என்றாள். பரங்கிக்காய் இருக்கிறதா என்று கேட்கிறாள். "பாப்பா சாகிட்." அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

"தா பஹாம்" என்றேன். புரியவில்லை என்று அர்த்தம். அவள் மறுபடி மெதுவாகச் சொன்னாள். நான் மறுபடி தலையை ஆட்டினேன்.

அந்த வாரமே செல்விக்குக் காய்ச்சல் கண்டது. அழுகுரல் கேட்டு மினா தானாகவே வந்தாள். கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொண்டுவந்து, அவளை மடியில் போட்டு ஊட்டினாள். "பாப்பா?" என்று கேட்டேன். மண்ணைக் காட்டினாள். அடக்கம் செய்து மூன்று நாளாகியிருந்தது.

எழுந்துபோய் விறகை விலக்கினேன். ஒரு காயை வெட்டி, உப்பும் மிளகாயும் போட்டு, அம்மா செய்கிறபடி குழைய வேகவைத்து மினா முன் வைத்தேன். மற்றதை அவள் பக்கம் உருட்டினேன். மினா அதன் காம்பைத் தொட்டுப் பார்த்தாள். சுருங்கிக் காய்ந்திருந்தது. பறித்து எத்தனை நாள் என்று தோட்டக்காரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட்டாள். "பெடாஸ்" என்று, காரம் என்று, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு மலாய் போதவில்லை என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

சண்டை முடிந்தது. என் வீட்டுக்காரர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். இப்போது கப்பல் போகிறது. தம்பி எழுதியிருக்கிறான்: "அம்மாவுக்குக் கண்ணு தெரியல. கையால தடவிக்கினு உன் பாத்திக்குத் தண்ணி ஊத்துது. எப்ப வர்ற?"

"கப்பலுக்குப் பேர் குடுத்துட்டு வரட்டா?" என்கிறார் இவர்.

"இந்த அவரை காய்க்கட்டுங்க" என்கிறேன். போன தடவை பீர்க்கை சொன்னேன்.

'வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லு' என்று தம்பிக்கு எழுதி ஒட்டிய கடிதம் தபாலில் போடாமல் மாடத்தில் இருக்கிறது. நான் கொல்லையில் புதுப் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருக்கிறேன். மறுமுனையை மினா பிடித்துக்கொண்டிருக்கிறாள்.