முயல் வேட்டைக்கு வந்த சாங்-பில்

மா சாங்-பில்லும் நானும் தென் கொரியாவில், தேகு நகரத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு. மலையடிவாரத்தில் வளர்ந்தவன், கணக்கு வராது, கண்ணி வைக்க வரும். அவன் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பழுதுபார்ப்பவர்.

1960 பிப்ரவரி. தேர்தல் நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கட்சி வேட்பாளர் ஓடைக்கரையில் பேசவிருந்தார். மாணவர்கள் அங்கே போய்விடக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. ஒரு பள்ளியில் திடீர்த் தேர்வு, இன்னொன்றில் சினிமா. எங்கள் வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எல்லாரும் முயல் வேட்டைக்கு வரணும். வராதவன் பேரை எழுதிக் கொடுக்கணுமாம்."

வகுப்பே முணுமுணுத்தது. சாங்-பில் மட்டும் சந்தோஷமாகச் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து வலை பின்னினான்.

மறுநாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தில் வந்து நின்றான். மேல்வகுப்புப் பையன் ஒருவன் மேடையேறி ஒரு தாளை வாசித்தான். காற்றில் பாதிதான் கேட்டது.

"என்னடா சொல்றான்? எந்த மலைக்காம்?"

"மலையும் இல்ல, மண்ணும் இல்ல. மாகாண அலுவலகத்துக்குப் போறோம்."

"அங்க ஏதுடா முயல்?"

"நிஜமாவே புரியலையா? நம்மள அடைச்சு வைக்கத்தான்டா இந்த முயல் கதையே."

அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப வாத்தியாரு பொய் சொன்னாரா?"

நான் பதில் சொல்வதற்குள் கூட்டம் எங்களை வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனது. "பள்ளிக்கூடத்தை அரசியலுக்கு இழுக்காதே!" என்று எல்லோரும் கத்த, அவனும் கொஞ்சம் பிந்திப் பிந்திக் கத்தினான். போலீஸ் தடியோடு பாய்ந்தபோது நான் சந்துக்குள் ஓடிவிட்டேன். வலை காலில் சிக்கி அவன் விழுந்தான்.

காவல் நிலையத்தில் நடந்ததை அவனே பிறகு சொன்னான்.

"வலை எதுக்குடா? போலீஸ்காரனப் பிடிக்கவா?"

"முயல் பிடிக்க, சார்."

கன்னத்தில் ஓர் அறை.

"தலைவன் யாரு?"

"வாத்தியாருதான் சார் வரச் சொன்னாரு."

இன்னொன்று. உண்மையைச் சொல்லச் சொல்ல, நக்கல் என்று நினைத்து அடித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அவன் அப்பா வந்து, தன்னைவிட வயதில் சிறிய அதிகாரி முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டு மீட்டுப் போனார். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "தெரிஞ்சு செஞ்சியா, தெரியாமலா?"

"தெரியலப்பா."

பள்ளியில் அவன் வீரனாகிவிட்டான். போலீஸையே கிண்டலடித்தவன் என்று பேச்சு. "இல்லடா, சத்தியமா வேட்டைக்குத்தான் வந்தேன்" என்றால் அதற்கும் சிரித்தார்கள். இரண்டே வாரத்தில் அப்பாவை மலைப்பக்கத்து நிலக்கரி ரயில் பாதைக்கு மாற்றினார்கள். போலீஸ் மேல் கோபப்படுவதா, வாத்தியார் மேலா, தன் மேலேயா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

தேர்தல் அப்பட்டமான மோசடி. ஏப்ரலில் மாசான் நகரத்துக் கடலில், அதை எதிர்த்துப் போராடிப் போலீஸ் கையில் செத்த ஒரு மாணவனின் உடல் மிதந்தது. பத்தொன்பதாம் தேதி மறுபடி தெருவில் இறங்கினோம். எனக்கு முன்பே சாங்-பில் பள்ளி வாசலில் நின்றிருந்தான்.

"உங்கப்பாவுக்கு இன்னும் தொந்தரவு வரும்டா. வீட்டுக்குப் போ."

"அதனால போகணுமா, அதனாலயே வரணுமான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் விளங்கல. கால் இங்க வந்துடுச்சு."

அன்று அவன் யாருக்கும் பிந்தாமல் கத்தினான். ஒரு வாரத்தில் ஜனாதிபதி பதவி விலகினார். தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அடுத்த வருஷமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

"அப்ப நாம ஜெயிச்சோமா இல்லையாடா?" என்று கேட்டான். வகுப்பில் முதல் மாணவனான எனக்கும் தெரியவில்லை.

அப்பாவைத் திருப்பி மாற்றவேயில்லை. பள்ளி முடிந்ததும் சாங்-பில் அங்கேயே போய் அவரோடு தண்டவாள வேலையில் சேர்ந்தான். கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தாள்.

ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் மறுபடி தெருவில் இறங்கிய 1987 ஜூனில் எனக்குப் போன் செய்தான். "பொண்ணு ஊர்வலத்துக்குப் போறேங்கறா. போன்னு சொல்றதா, வேண்டாங்கறதா?"

"நீ என்ன சொன்ன?"

"செருப்பு வேண்டாம், ஓடறப்பக் கழண்டுடும், கயிறு கட்டுற ஷூ போட்டுக்கன்னேன். அது எந்தப் பதில்னு எனக்கே தெரியலடா."