கொடி மாறிய கப்பலில் என் மாமா

அக்காவின் கணவர் என்பதால் மாமா என்று கூப்பிட்டேனே தவிர, அந்த ஆள் மேல் எனக்குப் பதினோரு வருஷக் கடுப்பு. கப்பலில் மேல்தள வேலைக்கு ஓர் இடம் காலியானபோது என்னை விட்டுவிட்டு எவனோ ஒருத்தன் பெயரைச் சொன்னார். என்னைச் சமையல்கட்டில் தள்ளினார்.

“உனக்குக் கயிறு பிடிக்கிற கை இல்லடா. கரண்டியப் பிடி, பட்டினி கிடக்க மாட்ட” என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

மாமா போசன். அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி. துருவைக் கண்டால் பங்காளியைக் கண்ட மாதிரி சுத்தியலோடு பாய்வார். படுக்கைக்கு மேல் ஒட்டிய காலண்டரில் மட்டும் ஒவ்வொரு நாளையும் பதமாகக் கோடு போட்டு அடிப்பார். அந்தக் கப்பலில் பறந்த கொடி எந்த நாட்டுடையதோ, அந்த நாட்டில் குடியிருந்த நாளாகவே எங்கள் கடல் நாளையும் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வருஷ நாள் சேர்ந்தால் வசிப்புரிமை அட்டை. அக்காவையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் மகளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் அட்டை வந்தாக வேண்டும். அப்புறம் அவளுக்குக் கிடைக்காது.

ஆறு மாசம் பாக்கி இருந்தபோது கம்பெனி கப்பலை வேறு நாட்டில் பதிவு செய்தது. கப்பலின் பின்புறம் பலகையைக் கட்டித் தொங்கவிட்டு, அங்கே எழுதியிருந்த பழைய பதிவுத் துறைமுகத்தின் பெயரை மாமாவே அழித்தார்.

அன்று பெட்டியோடு வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டாவது அதிகாரி, சமையல்கட்டில் தலையை நீட்டினார்.

“உங்க மாமாகிட்ட சொல்லிடு. இனிமே இங்க இருக்கிற நாள் அவருக்குச் சேராது. பழைய கொடியில நம்ம கம்பெனிக் கப்பல் இன்னொண்ணு பக்கத்துலயே நிக்குது. போசன் இடம் காலி. இன்னைக்கே எழுதிக் குடுத்தா மாத்திடுவாங்க.”

தேநீரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சொல்லத்தான் போனேன்.

மாமா கீழே பலகையிலிருந்து அண்ணாந்து பார்த்தார். “வந்துட்டாருய்யா சமையல் சக்கரவர்த்தி! நேத்து வச்ச குழம்பு மீதி இருந்தா ஊத்து மாப்ள. பெயிண்ட் தானா உரிஞ்சு வரும்.”

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தேநீரைக் கயிற்றில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் சொல்லலாம் என்றிருந்தேன். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிட்டது. பெயரை அழிக்கிறவருக்கே தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் காலண்டரில் நாளை அடித்துக்கொண்டே வந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆறு மாசம் கழித்து அட்டை அலுவலகத்துக்குத் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். புதுச் சட்டை போட்டிருந்தார். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி அம்மா, கடல் நாட்கள் பதிந்திருந்த அவர் புத்தகத்தைப் புரட்டினார்.

“கொடி மாறின பிறகு வர்றது எதுவும் சேராதுங்க. இன்னும் ஆறு மாசம் குறையுது.”

மகளுக்குப் பதினெட்டு முடிய ஏழு வாரம்தான் இருந்தது.

அதன் பிறகு மாமா வேறு கப்பலுக்குப் போனார். அங்கேயே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். ஆகவே அன்று அந்த அலுவலகப் படிக்கட்டில் அவர் கேட்டதுதான் என்னிடம் கேட்ட கடைசி உதவி. போனில் அக்காவின் எண்ணைப் போட்டு என் கையில் திணித்தார்.

“எனக்கு வாய் வரல மாப்ள. நீ சொல்லு. யாரும் சொல்லல, அதான் தெரியாமப் போச்சுன்னு சொல்லிடு.”