விண்கலத்தில் எல்லாரும் மக்கா

எங்கள் விண்கலம் அமெரிக்காவில் ஒரு கொட்டகைக்குள் வெடித்தது. ஆபத்து ஒன்றுமில்லை, பயிற்சிக்கு வைத்திருக்கும் மாதிரிக் கலம்தான்; திரை முழுக்கச் சிவந்து ஒரு சைரன் அலறியது, அவ்வளவுதான். ஆனால் நாகர்கோவிலிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்த நான் பதறிப்போய்த் தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டேன். டூர் மேனேஜர் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக அந்தக் கதையை எழுதுகிறேன்.

புறப்பாடு

விண்வெளி, விமானப் பயிற்சி முகாமுக்கு அது என் முதல் குரூப். பிள்ளைகளில் அஜிஷா என்றொருத்தி, ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்தே இந்த முகாமைப் பற்றித்தான் பேச்சு, அதிலும் கமாண்டர் சீட் மேல்தான் கண். அவள் அப்பா பஸ் கண்டக்டர். வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற ஆளிடமெல்லாம் மகள் ராக்கெட் ஓட்டப் போகிறாள் என்று சொல்லிவிட்டார். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மக்கா, என்னப் போல டிக்கெட்டு கிழிச்சிட்டு நிக்கப்படாது கேட்டியா. நல்லா ஓட்டிட்டு வா."

ஒரே ஒரு சொல்

கூட்டத்தை மேய்க்க என்னிடம் கொடி, விசில் எதுவும் கிடையாது. "ஏ மக்கா!" என்று ஒரு குரல் விட்டால் போதும்; எங்கள் ஊரில் பிள்ளைக்கும் கூட்டாளிக்கும் எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். துபாயில் விமானம் மாறும்போது அப்படித்தான் கூப்பிட்டேன். எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பினார்கள். கூடவே டை கட்டிய ஒரு ஆளும் திரும்பி என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணே, நாரோல்ல எங்க?"

நாகர்கோவிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; அவருக்கு அங்கே கோட்டாறாம். பிள்ளைகளுக்கு டோனட் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் சொல் இருந்தால் செவ்வாய் கிரகத்துக்கே குரூப் கொண்டு போகலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

வால்வு

முகாமில் அஜிஷாவுக்கே கமாண்டர் சீட் கிடைத்தது. அவளோடு உள்ளே மூன்று பையன்கள். எல்லாருக்கும் ஹெட்செட், ஆளுக்கொரு பேனல். ஒத்திகையில் ஆக்ஸிஜன் கசிவதாகத் திரையில் காட்டினார்கள். அஜிஷா பதறிப்போய்க் கத்தினாள்:

"மக்கா, வால்வ அடைலே!"

மூன்று மக்காவும் அடைத்தார்கள். ஒருத்தன் ஆக்ஸிஜனை, ஒருத்தன் எரிபொருளை, ஒருத்தன் கூலிங்கை. முதலில் சொன்ன வெடிப்பு இதுதான்.

பயிற்சியாளர் லிண்டா நல்ல மனுஷி. பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். நம் மாவட்டத்தில் பேர் வைக்கிற அழகு அவருக்கு எங்கே தெரியும்? பைலட் சீட்டில் ஜெபின், மற்ற இரண்டு பேர் ஜெனின், ஜெனிஷ்; ஹெட்செட்டில் மூன்றும் ஒன்றுபோலத்தான் கேட்டது. அடுத்த ஒத்திகையிலும் வெடித்தது. நாளைய இறுதிப் பயணத்துக்குக் கமாண்டரை மாற்றிவிடலாம் என்று லிண்டா என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். பக்கத்தில் நின்ற அஜிஷாவுக்கு அது கேட்டுவிட்டது.

மதியச் சாப்பாட்டை அவள் தொடவில்லை.

"அங்கிள், அப்பா பஸ்ஸுல எல்லாருட்டயும் சொல்லியாச்சு. நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போவேன்?"

அழுதிருந்தால்கூடத் தேறுதல் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நேரே லிண்டாவிடம் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்றாடினேன். கடைசியில் ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸையும் நீட்டினேன். சிப்ஸ்தான் வேலை செய்தது என்பது இன்றைக்கும் என் எண்ணம். இன்னொரு ஒத்திகை, அதில் தேறினால் அவளே கமாண்டர் என்றார்.

திரும்பி வந்தால் அஜிஷா பையன்களைச் சுற்றி உட்கார வைத்து விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, உனக்கு எந்த ஊரு?"

"குழித்துற."

"சரி, இனி உனக்குப் பேரே குழித்துறதான். நீ கோட்டாறு. நீ வடசேரி. எங்கப்பா பஸ்ஸுல யாரையாம் பேரு சொல்லியா எறக்கி விடுகாரு? ஊரத்தான் சொல்லுவாரு."

மூன்று பேனலிலும் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டினாள். அந்த ஒத்திகையில் ஒன்றும் வெடிக்கவில்லை.

இறுதிப் பயணம்

மறுநாள் கண்ணாடிக்கு வெளியே வேறு நாட்டுக் குரூப்பெல்லாம் நின்று பார்த்தது. எனக்கோ ஒரே வெப்ராளம், பதற்றத்தில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன். தரையிறங்கும் நேரத்தில் கசிவு வந்தது. ஸ்பீக்கரில் அஜிஷாவின் குரல் கேட்டது. சாட்சாத் அவள் அப்பாவின் ராகம், படியில் தொங்கிக்கொண்டு கூவுகிற அதே இழுப்பு.

"வடசேரீ... அடை! கோட்டாறு, தொடாத! குழித்துற, அப்படியே இரி... அப்படியே இரி... ஆங், இப்பத் தெற!"

திரையில் சக்கரம் தரையைத் தொட்டது. திரை பச்சையானது. ஹெட்செட்டைக் கழற்ற மறந்து அவள் சொன்னதும் ஸ்பீக்கரில் வந்தது:

"எடம் வந்தாச்சு, பாத்து எறங்குங்கோ."

லிண்டா என்னிடம் அர்த்தம் கேட்டார். பையைத் துழாவி இன்னொரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸை அவர் கையில் வைத்தேன்.

திரும்பி வந்து

இந்த வேலையில் நான் படித்தது இதுதான். கூட்டத்தைக் கூட்ட "மக்கா" போதும். ஆனால் ஒரு வேலையைச் சொல்லும்போது அது யாருக்கு என்று தெரியச் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் என் குரூப்பில் பாஸ்போர்ட் பையைத் தூக்குகிறவன் தக்கலை, கடைசியாக வந்து கதவைப் பார்க்கிறவள் குளச்சல். இதுவரை யாரும் தொலைந்ததில்லை.

திருவனந்தபுரத்தில் அஜிஷாவின் அப்பா டியூட்டி முடித்த காக்கிச் சட்டையோடேயே வந்து நின்றார்.

"மக்கா, ராக்கெட்டு ஓட்டினியா?"

"ஓட்டினது ஜெபினாக்கும்பா. நான் உங்க வேலையத்தான் பாத்தேன். எல்லாரையும் பத்திரமா எறக்கி விட்டேன்."

அவர் மகளின் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, காக்கிச் சட்டையின் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.