கரப்பான் பண்டம்

முதல் பிள்ளை பிறந்த சில மாதங்களிலேயே, எனக்குப் பிடித்த பண்டமெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டை விட்டுப் போய்விட்டது. காரணம் என் மகளின் கன்னத்தில் வந்த கரப்பான். முதலில் சொரசொரவென்று சிவந்தது. பிறகு நீர் கசிந்து பொருக்குத் தட்டியது. காதுக்குப் பின்னாலும் முழங்கை மடிப்பிலும் பரவியது. கையில் துணி உறை மாட்டிவிட்டால் என் மாரில் முகத்தைத் தேய்த்து அரிப்பைத் தீர்த்துக்கொள்வாள். என் ரவிக்கையெல்லாம் ரத்தக் கறை.

சாந்தோமில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. மாமியார், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த நாத்தனார், என் வீட்டுக்காரர், நான். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அந்த வீட்டில் பேசவே கூச்சம்.

பால் குடிக்கிற பிள்ளைக்கு எது வந்தாலும் அது தாய் தின்றதால் வந்தது. கரப்பானை உண்டாக்கும் என்று சில பண்டங்களை ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. அவற்றுக்குக் கரப்பான் பண்டம் என்றே பெயர்.

"வாயக் கட்டுடி. புள்ளையப் பெத்துட்டு நாக்க நீட்டிக்கினு இருந்தா இப்டித்தான் ஆவும்" என்பார் மாமியார்.

கத்தரிக்காய் போயிற்று. கருவாடு போயிற்று. மாங்காய், பூசணி, வேர்க்கடலை, கடைசியில் முட்டையும் போயிற்று. சோறும் பூண்டுக் குழம்பும் பாலும் மிஞ்சின. ஒன்றை நிறுத்தும்போதெல்லாம், பிள்ளைக்குப் பால் வற்றிவிடும் என்று எருமைப்பாலை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். காலையில் பால், மதியம் தயிர், பொழுது சாய்ந்தால் மறுபடியும் பால். பிள்ளையோ மோசமாகிக்கொண்டே போனாள்.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் பட்டணத்தில் குண்டு போடப் போகிறான் என்று பாதி ஊர் காலியானது. எங்கள் பால்காரரும் எருமைகளை ஓட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். போக்கிடம் இல்லாத நாங்கள் பாலில்லாத வரக்காப்பி குடித்துக்கொண்டு இங்கேயே கிடந்தோம். அந்த நாட்களில்தான் மகளின் கன்னம் காய்ந்தது. பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வந்தது. முதல் தடவையாக அழாமல் தூங்கினாள்.

"பாத்தியா, வாயக் கட்டுனதும் கேட்டுச்சா?" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

குண்டு பயம் தணிந்து பால்காரர் திரும்பி வந்தார். எனக்குப் பால் ஊற்றித் தரும் லோட்டா திரும்பி வந்தது. கரப்பானும் திரும்பி வந்தது.

அன்று மாமியார் என்னைக் கூப்பிட்டு, "கையக் காட்டு" என்றார். காட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து முகர்ந்தார், கருவாட்டு வாசனை வருகிறதா என்று. பக்கத்தில் நின்ற நாத்தனார், "நல்லா சோப்புப் போட்டுக் கழுவியிருப்பா, வெவரமானவதான்" என்று சிரித்தார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதும் அந்த விரல்கள் கூசுகின்றன.

நாலு பேர் இருந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தோன்றியதா? வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். "எருமைப்பால் வந்தா கரப்பான் வருது, நின்னா போவுதுங்க."

அவர் பேப்பரை இறக்கவில்லை. "பாலு எங்கனா கரப்பான் பண்டமா? வெளியே சொல்லாதே, சிரிப்பாங்க."

அடுத்த வாரம் மாமியார் வேப்பிலையை அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து என் எதிரே வைத்தார். "உன் பால் கெட்டுப்போச்சு. இத மார்ல தடவிக்கோ, புள்ள தானா மறந்துடும். எருமைப்பால்ல தண்ணி கலந்து குடுத்துக்கலாம்."

பிள்ளையை என்னிடமிருந்து பிரித்து, அவளுக்கு எது ஆகவில்லையோ அதையே ஊட்டப் போகிறார்கள். வாயைத் திறந்தேன். அதற்குள் நாத்தனார் பிள்ளையை மடியில் போட்டுச் சங்கில் பால் புகட்டிவிட்டார்.

இரண்டு சங்குதான் உள்ளே போயிருக்கும். உதடு வீங்கியது. கண்ணிமை தடித்தது. கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் திட்டுத்திட்டாகச் சிவந்தது. பிள்ளை கதறினாள், குடித்ததையெல்லாம் கக்கினாள். நாத்தனார் சங்கைக் கீழே போட்டுவிட்டு, "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்றார்.

நான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எம் புள்ளைக்கு இனிமே இந்தப் பால யாரும் குடுக்கக் கூடாது. எனக்கும் ஊத்தக் கூடாது."

"யாருக்குடி சொல்றே?" என்றார் மாமியார்.

"உங்களுக்குத்தான் அத்தை."

எல்லோருக்கும் எதிரிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். முந்தானையைக்கூடச் சரியாகப் போடவில்லை. யாரும் கிட்டே வரவில்லை. சாயங்காலம் வீக்கம் வடிந்தது.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் பால்காரரை நிறுத்திவிட்டார். என் பேச்சைக் கேட்டார் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் தம் அம்மாவிடம் சொன்னது வேறு. "பால்ல தண்ணி ஊத்துறான்மா, அதான் புள்ளைக்கு ஆவல."

எருமையை எங்கள் வாசலில் கட்டி, எங்கள் செம்பில், எங்கள் கண்ணெதிரே கறந்து கொடுத்த மனுஷன். எங்கிருந்து தண்ணீர் ஊற்றுவார்? மாமியார் அதையும் நம்பினார். தெருவெல்லாம் சொன்னார். பாவம், அந்த மனுஷனுக்கு இரண்டு வாடிக்கை போயிற்று.

பிள்ளை தேறிவிட்டாள். ஒரு வயது தாண்டியும் என்னிடமே பால் குடித்தாள். நான் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தின்றேன், ஒன்றும் வரவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று அந்த வீட்டில் யாரும், கடைசிவரை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செத்தவர்கள்மேல் கோபம் ஆகாது என்கிறார் பங்குச் சாமியார். எனக்கு இருக்கிறது.