தேர்வீதியில் விடுபட்ட ஓர் இணைப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்வீதியில் பேச்சியம்மாள் வீட்டுக்குத் தண்ணீர் வராமல் போனது என் தவறு. கோளாறு அவர் வீட்டுக் குழாயில்தான் என்று சொன்னது என் பொய்.

அப்போது நான் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். வீதிக்கு அடியில் கிடந்த பழைய இரும்புக் குழாய் துருவேறி அடைத்துக்கொண்டிருந்தது. தேரோட்டம் நெருங்கியதால் வீதி முழுக்கத் தோண்ட வழியில்லை. இரு முனைகளில் மட்டும் குழி வெட்டி, இரும்புக் குழாய்க்குள்ளேயே புதிய பிளாஸ்டிக் குழாயை இழுத்தோம். வேலை முடியும்வரை தெருவோரமாகத் தற்காலிக லைன் போட்டுத் தண்ணீர் கொடுத்தோம். யாருக்கும் தண்ணீர் நிற்கவில்லை. அதில் எனக்குப் பெருமை.

உள்ளே புதுக் குழாய் போனதும் பழைய வீட்டு இணைப்புகள் எல்லாம் அறுந்துவிடும். ஒவ்வொரு வாசலிலும் சிறு குழி தோண்டி மறுபடி இணைக்க வேண்டும். பேச்சியம்மாள் வீட்டை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டோம். தற்காலிக லைனைக் கழற்றித் தாரும் போட்டாயிற்று.

அடுத்துத் தண்ணீர் விட்ட அன்று அவர் என்னிடம் வந்தார். இட்லி மாவு அரைத்து விற்பவர்.

"தெருவுக்கே வருது சார். எங்க வீட்டுல மட்டும் சொட்டுகூட இல்ல."

இணைப்பு விடுபட்டது எனக்குப் புரிந்துவிட்டது. புதுத் தாரை வெட்டினால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வீட்டுக்குள்ள போற லைன் அடைச்சிருக்கும்மா. யாரு போட்டது?"

"எந் தம்பி முருகன்தான். பிளம்பர்."

"அவரையே கேளுங்க."

முற்றத்தை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது சண்டை வாசல்வரை கேட்டது.

"அக்கா வீடுன்னு ஏனோதானோன்னு போட்டியாலே?"

"எங் கை போட்ட லைன் அடைக்காது. அந்த சாரு சொன்னா சாமி சொன்னாப்புலயா?"

நான் நிற்காமல் நடந்தேன். அக்காவும் தம்பியும் பேச்சை விட்டார்கள். முருகன் தளவாய்புரத்துக்கே குடிபோய்விட்டார். தேர் நிலைக்கு வந்த பிறகு குழி தோண்டி இணைப்புக் கொடுத்தேன். "பிரஷரைச் சரி பண்ணியாச்சு" என்றேன். பேச்சியம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு எந்த வீதியிலும், குழாயை இழுக்கும் முன் நானே கதவைத் தட்டி, வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்து, இணைப்பு உள்ள வீடு என்று சுவரில் பெயிண்டால் குறியிட்டேன். இளம் பொறியாளர்களே, அதைச் செய்யுங்கள். அப்படியும் ஒன்று விடுபட்டால் தாரை வெட்டுங்கள்.

ஓய்வு பெற்ற பின் பேச்சியம்மாளிடம் போய் உண்மையைச் சொன்னேன். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனான் சார். நான் உங்களத்தான நம்புனேன்."

அங்கிருந்து தளவாய்புரம் போனேன். முருகன் முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை.

"அக்கா வீட்டுல இப்பத் தண்ணி நல்லா வருதா?"

"வருது."

"அப்பச் சரி. நீங்க கெளம்புங்க சார்."