அமெரிக்க வக்கீலும் டேப் ஒட்டிய பட்டனும்

ஓசூரில் நான் பிரஸ் ஆபரேட்டராக இருந்தபோது ஒருநாள் சூப்பர்வைசர் ஓடிவந்தார். "டேப்பையெல்லாம் உரிங்கப்பா! அமெரிக்காக்காரர் வர்றாரு!"

என்ன டேப் என்று சொல்கிறேன், பிள்ளைகளா. தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலிருந்து அடி இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாதே, அதற்காக. ஆனால் புரொடக்‌ஷன் வேகமாக வேண்டும் என்று ஒரு பட்டனை அழுத்தியபடியே டேப் ஒட்டிவிடுவார்கள். தளியிலிருந்து வரும் முனிராஜுவுக்கு அப்படித்தான் பாதி விரல் போனது. காயம் ஆறித் திரும்பி வந்தான். அதே மெஷின், அதே டேப்.

வந்தவர் அவர்கள் மாநிலத்தில் எம்.எல்.ஏ. மாதிரி. எங்கள் கம்பெனியை அங்கே ஒரு பிளான்ட் போடக் கூப்பிட வந்திருந்தார். முனிராஜுவின் கையைப் பார்த்ததும் நின்று, உருக்கமாக ஏதோ பேசினார்.

எச்.ஆர். மேடம் தமிழில் சொன்னார்: "சார் முன்ன வக்கீலாம். விரல் போன தொழிலாளிங்களுக்குத்தான் கேஸ் நடத்துனாராம். அந்தப் பேர்லதான் எலெக்‌ஷன்ல ஜெயிச்சாராம்."

முனிராஜு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இந்த டேப்பு சமாச்சாரத்த சொல்லுங்க மேடம். அவரு சொன்னா கேப்பாங்க."

மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். கூட வந்த எங்கள் எம்.டி. சிரித்தார். வக்கீலும் சிரித்தார். மேடம் வழியாகவே பதில் வந்தது: "அது பழைய வேலையாம்ப்பா. இப்ப கம்பெனிங்க மேல அந்த மாதிரி கேஸே போட முடியாதபடி சட்டம் கொண்டுவந்ததே சார்தானாம்."

"நம்ம விரல்மேல ஏறித்தான்டா மேல போயிருக்கான்" என்றான் முனிராஜு என் காதில்.

பிறகு போட்டோ. முனிராஜுவின் இரண்டு கையும் இரண்டு பட்டன்மேல். தோளில் வக்கீலின் கை. அவர் கார் கேட்டைத் தாண்டியதும் டேப் திரும்ப வந்துவிட்டது.

மறுவாரம் அந்தப் படத்தைப் பெரிதாக்கி மெஷின்கள் ஓடும் இடத்தில் மாட்டினார்கள். முனிராஜு அதைப் பார்த்தான். நேராகப் போய் டேப்பை உரித்தான்.

"ஏய், என்னடா பண்ற?"

"போட்டோவுல டேப்பு இல்லீங்களே சார். நாளைக்கு கஸ்டமர் கம்பெனிக்காரங்க ஆடிட்டுன்னு சோதிக்க வந்து படத்தையும் மெஷினையும் சேத்துப் பாத்தா?"

"வக்கீல் பக்கத்துல நின்னதுக்கே வக்கீல் பேச்சு வந்துருச்சா உனக்கு?" என்றார் சூப்பர்வைசர். ஆனால் டேப் ரோலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அன்று நாங்களும் ஒவ்வொருவராக உரித்தோம்.

பெரிய மனிதர்கள் பேசினால் கை தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் தட்டுகிற கையைக் காப்பாற்றும் வேலையை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள்.